விண்டோஸில் கட்டற்ற மென்பொருள் பில்டு: லைப்ரரிகளை எங்கே எடுப்பது, எப்படிப் புதுப்பிப்பது? (அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்)

விண்டோஸில் சோர்ஸிலிருந்து (எழுதிய நிரல் மூலத்திலிருந்து) பில்டு செய்ய, அதாவது ஓடக்கூடிய மென்பொருளாக்கக் கிளம்புகிறவர்கள் முதல் வாரத்திலேயே கேட்டுவிடும் கேள்விகள் இவை. பாதி என்னிடம் வந்தவை. மீதி நானே முட்டிக்கொண்டு கற்றவை. கட்டளைகளையும் கோப்புப் பெயர்களையும் வாயால் சொல்கிறபடியே தமிழில் எழுதியிருக்கிறேன். தட்டும்போது ஆங்கில எழுத்தில் தட்டிக்கொள்ளுங்கள்.

லினக்ஸில் ஒரு வரியில் வருகிற லைப்ரரி விண்டோஸில் ஏன் இந்தப் பாடு படுத்துகிறது?

டெபியன் லினக்ஸில் இசட்லிப் (தரவைச் சுருக்க மற்ற நிரல்கள் எடுத்தாளும் ஆயத்த நிரல் தொகுப்பு, அதாவது ஒரு லைப்ரரி) வேண்டுமென்றால் அதன் டெவ் பாக்கேஜை நிறுவுகிறோம், முடிந்தது. ஹெடரும் (லைப்ரரியில் என்ன இருக்கிறது என்று சொல்லும் கோப்பு) லைப்ரரியும் கம்பைலர் (சோர்ஸை இயந்திர மொழியாக்கும் நிரல்) தேடுகிற இடத்துக்கே போய் உட்கார்ந்துகொள்ளும். அந்த விநியோகத்தில் உள்ள எல்லாமே ஒரே சி லைப்ரரியின் மேல், ஒத்துப்போகிற கம்பைலர்களில் பில்டு ஆனவை. யாரோ நமக்காக உட்கார்ந்து பொருத்தம் பார்த்து வைத்திருக்கிறார்கள்.

விண்டோஸில் அந்தப் பொது வீடு கிடையாது. கம்பைலரே இரண்டு குடும்பம்: ஒருபக்கம் மைக்ரோசாஃப்ட்டின் எம்எஸ்விசி, மறுபக்கம் மின்ஜிடபிள்யூ வழியாக வரும் ஜிசிசியும் கிளாங்கும். சி ரன்டைமிலும் (நினைவகம், கோப்பு போன்ற அடிப்படை வேலைகளைப் பார்க்கும் லைப்ரரி) பழையது ஒன்று, புதியது ஒன்று: காலங்காலமாக விண்டோஸுக்குள் இருக்கும் எம்எஸ்விசிஆர்டி, 2015-ல் விஷுவல் ஸ்டுடியோ 2015-ஓடும் விண்டோஸ் 10-ஓடும் வந்த யுசிஆர்டி. இதற்கு மேல் 32 பிட், 64 பிட், ஆர்ம்64. டிபக் (பிழை தேட), ரிலீஸ் (வெளியிட). ஸ்டாட்டிக் (நிரலுக்குள்ளேயே சேர்வது), டைனமிக் (தனிக் கோப்பாக நிற்பது). பெருக்கிப் பாருங்கள். "விண்டோஸுக்கான இசட்லிப்" என்று ஒன்று இல்லை, ஒரு டஜனுக்கு மேல் இருக்கிறது. அதில் உங்கள் பில்டுக்குப் பொருந்துவது ஒன்றே ஒன்று.

அதனால் எங்கே கிடைக்கும் என்று தேடுவதற்கு முன், எதில் பில்டு ஆனது என்று கேட்டுப் பழகுங்கள். எல்லா லைப்ரரியையும் ஒரே இடத்திலிருந்து எடுக்க வேண்டும், புதுப்பித்தால் சேர்த்துப் புதுப்பிக்க வேண்டும். கீழே வரும் பதில்களில் பாதி இதைத்தான் வேறுவேறு விதமாகச் சொல்கின்றன.

"இந்த டிஎல்எல் இல்லை" என்று தேடினால் அதை மட்டும் தனியாகத் தரும் தளங்கள் வருகின்றன. எடுத்துப் போடலாமா?

கூடாது. டிஎல்எல் என்பது நிரல் ஓடும்போது தேடி எடுத்துக்கொள்ளும் லைப்ரரிக் கோப்பு. அப்படித் தனியாகக் கிடைப்பதை யார் பில்டு செய்தது, எந்தக் கம்பைலரில், எந்தப் பதிப்பு, உள்ளே வேறு ஏதாவது சேர்த்தார்களா, ஒன்றும் தெரியாது. பில்டு செய்யவும் அது உதவாது: ஹெடரும் இம்போர்ட் லைப்ரரியும் (பில்டின்போது டிஎல்எல்லோடு இணைக்க வேண்டிய கோப்பு) இல்லாத டிஎல்எல் பூட்டில்லாத சாவி.

இன்னொரு பழைய பள்ளம், ஜிஎன்யூவின்32 தொகுப்பு. ஒருகாலத்தில் நல்ல சேவை செய்தது. ஆனால் அதிலுள்ள பாக்கேஜ்கள் 2010 வாக்கிலேயே உறைந்துவிட்டன. பல பழைய வழிகாட்டிகள் இன்றும் அங்கேதான் அனுப்புகின்றன. வழிகாட்டியில் அந்தப் பெயரைப் பார்த்தால் அது எந்தக் காலத்தில் எழுதியது என்று புரிந்துகொள்ளுங்கள். பைதான்காரர்கள் வருடக்கணக்கில் நம்பியிருந்த கிறிஸ்டோஃப் கோல்கியின் அதிகாரபூர்வமற்ற வீல் (பில்டு ஆன பைதான் பாக்கேஜ்) தொகுப்பும் 2022-ல் நின்றுவிட்டது. ஒரு தனி மனிதர் அத்தனை பேருக்காக அத்தனை காலம் பில்டு செய்து கொடுத்ததே பெரிய விஷயம்.

சரி, எங்கேதான் எடுப்பது?

முதலில் நீங்கள் பில்டு செய்யப்போகும் மென்பொருளின் சோர்ஸுக்குள்ளேயே பாருங்கள். பெரிய திட்டங்கள் பலவும் தங்களுக்கு வேண்டிய லைப்ரரிகளைத் தாங்களே தயாரித்து வைத்திருக்கும். சிபைத்தானை (நாம் வழக்கமாகப் பயன்படுத்தும் பைதான்) எடுத்துக்கொள்ளுங்கள். அதன் பிசிபில்டு கோப்புறையில் கெட் எக்ஸ்டெர்னல்ஸ் என்று டாட் பேட் கோப்பு (கட்டளைகளை வரிசையாக ஓட்டுவது) ஒன்று இருக்கும். பில்டைத் தொடங்கியதும் ஓப்பன்எஸ்எஸ்எல் (மறையாக்க லைப்ரரி), எஸ்க்யூலைட், டிசிஎல்டிகே என்று எல்லாவற்றையும் சிபைத்தானின் சொந்தக் கிட்ஹப் ரெப்பாசிட்டரிகளிலிருந்து இறக்கி, பதிப்பு எண் ஒட்டிய கோப்புறைகளில் அது அடுக்கிவிடும். பிஹெச்பிக்கு எஸ்டிகே (பில்டுக் கருவிகளின் தொகுப்பு) தனியாக உண்டு. எந்தக் கிளைக்கு எந்த லைப்ரரி என்று அதன் டெப்ஸ் கட்டளைக்குத் தெரியும். வயர்ஷார்க் இன்னும் சுலபம், சிமேக் (பில்டை வழிநடத்தும் கருவி) ஓடும்போதே தன் தொகுப்பை இறக்கிக்கொள்ளும். இப்படி ஒன்று இருந்தால் அதை மீறி வெளியே போகாதீர்கள். அந்தத் திட்டத்தின் ஆட்கள் அந்த எண்களோடுதான் சோதித்திருக்கிறார்கள்.

அப்படி எதுவும் இல்லையென்றால் இரண்டு வழி, இரண்டுமே கேட்ட லைப்ரரியைக் கொண்டுவந்து தருபவை. எம்எஸ்விசியில் பில்டு செய்பவருக்கு விசிபிகேஜி. ஜிசிசி அல்லது கிளாங்கில் பில்டு செய்பவருக்கு எம்சிஸ்2. கோனன் என்று மூன்றாவது ஒன்றும் உண்டு. அலுவலகங்களில், சொந்த பாக்கேஜ் சர்வர் வைத்திருக்கும் குழுக்களில் அது நன்றாக ஓடுகிறது. தனியாளுக்கு முதல் இரண்டே போதும் என்பது என் எண்ணம்.

விசிபிகேஜியா, எம்சிஸ்2-வா? எப்படி முடிவு செய்வது?

உங்கள் மென்பொருளைப் பாருங்கள். உள்ளே கான்ஃபிகர் ஸ்கிரிப்ட்டும் மேக்ஃபைலும் இருந்தால், லினக்ஸ் வாசனை அடித்தால், எம்சிஸ்2. சிமேக் கோப்போ விஷுவல் ஸ்டுடியோ சொல்யூஷனோ இருந்தால் விசிபிகேஜி. ஜிடிகே (சாளரம், பொத்தான் வரையும் லைப்ரரி) மேல் கட்டிய இங்க்ஸ்கேப், ஜிம்ப் போன்றவை எம்சிஸ்2 பக்கம்தான் சுகமாகப் பில்டு ஆகும்.

இரண்டுக்கும் குணம் வேறு. எம்சிஸ்2 பில்டு ஆன பாக்கேஜையே தருகிறது. ஆர்ச் லினக்ஸின் பேக்மேன்தான் அதற்கும் பாக்கேஜ் மேலாளர், ஆர்ச்சைப் போலவே உருண்டுகொண்டே இருக்கும், நேற்று வந்த பதிப்பு இன்று கையில். விசிபிகேஜி சோர்ஸை இறக்கி உங்கள் கணினியில், உங்கள் கம்பைலரில் பில்டு செய்கிறது. நேரம் பிடிக்கும். க்யூட்டி மாதிரி பெரிய லைப்ரரி ஒன்றைச் சொல்லிவிட்டால் சாப்பிட்டுத் தூங்கி எழுந்து வரலாம். ஆனால் வெளிவருவது உங்கள் கம்பைலருக்கு அச்சாகப் பொருந்தும். 2016-ல் மைக்ரோசாஃப்ட் அதை வெளியிட்டதன் நோக்கமே இதுதான். பின்னர் லினக்ஸுக்கும் மேக்குக்கும் வந்தது.

விசிபிகேஜியில் ஒரு லைப்ரரியை எடுத்துக் காட்டுங்களேன்.

இசட்லிப்பையே எடுத்துக்கொள்வோம். விஷுவல் ஸ்டுடியோ முழுதாக வேண்டாம், பில்டு டூல்ஸ் மட்டும் போதும். நிறுவும்போது ஆங்கில மொழிப் பாக்கையும் டிக் செய்துவிடுங்கள். அது இல்லாமல் விசிபிகேஜி அடம்பிடிக்கும்.

சி டிரைவில் டெவ் என்று குட்டியாக ஒரு கோப்புறை. அதற்குள் விசிபிகேஜி ரெப்பாசிட்டரியை கிட் குளோன் செய்து, பூட்ஸ்ட்ராப் என்று தொடங்கும் டாட் பேட் கோப்பை ஓட்டினால் விசிபிகேஜி கட்டளை தயார். பிறகு இன்ஸ்டால் என்று போட்டு, இசட்லிப், அரைப்புள்ளி இல்லை, கோலன், அதன் பின் எக்ஸ்64 ஹைஃபன் விண்டோஸ். கோலனுக்குப் பின்னால் வருவதற்கு ட்ரிப்லெட் என்று பெயர். மேலே பெருக்கிப் பார்த்தோமே, அத்தனை வகையில் உங்களுக்கு எது வேண்டும் என்று சொல்வது இந்தத் துண்டுதான். டிஎல்எல் வேண்டாம், எக்ஸ்இக்குள்ளேயே சேர வேண்டும் என்றால் வாலில் ஹைஃபன் ஸ்டாட்டிக் சேருங்கள்.

முடிந்ததும் இன்ஸ்டால்ட் கோப்புறைக்குள் ட்ரிப்லெட் பெயரில் ஒன்று வந்திருக்கும். இன்க்ளூடில் ஹெடர், லிப்பில் இம்போர்ட் லைப்ரரி, பின்னில் டிஎல்எல். டிபக் என்ற துணைக் கோப்புறையில் அதே லைப்ரரியின் டிபக் வடிவம். எதைச் சொன்னாலும் விசிபிகேஜி இரண்டு முறை பில்டு செய்யும், நேரம் இரட்டிப்பாவதற்கு அதுதான் காரணம். ரிலீஸ் மட்டும் போதுமென்றால் ட்ரிப்லெட் கோப்பில் பில்டு டைப்பை ரிலீஸ் என்று ஒரு வரியில் சொல்லிவிடலாம்.

இனி சிமேக்குக்குச் சொல்ல வேண்டும். டூல்செயின் ஃபைல் என்ற மாறியில் விசிபிகேஜிக்குள் இருக்கும் விசிபிகேஜி டாட் சிமேக் கோப்பின் பாதையைக் கொடுங்கள். முதல் முறை கான்ஃபிகர் செய்யும்போதே கொடுக்க வேண்டும். அப்போது மறந்துவிட்டு அப்புறம் சேர்த்தால் சிமேக் காதில் போட்டுக்கொள்ளாது. பில்டு கோப்புறையை அழித்துவிட்டு மறுபடி தொடங்குங்கள். ஒரு மாலை முழுவதும் இந்த ஒரு விஷயத்தில் கழித்திருக்கிறேன்.

எம்சிஸ்2 திறந்தால் எம்சிஸ், மின்ஜிடபிள்யூ64, யுசிஆர்டி64, கிளாங்64 என்று ஒரு வரிசையே இருக்கிறது. எதைத் திறப்பது?

யுசிஆர்டி64. 2022 இறுதியிலிருந்து எம்சிஸ்2-வே அதைத்தான் முன்னிருப்பாகத் தருகிறது. ஆர்ம் லேப்டாப் வைத்திருந்தால் கிளாங்ஆர்ம்64. வெறும் எம்சிஸ் என்பது சிக்வின் வழியில் வந்த யூனிக்ஸ் சூழல், பேஷும் மேக்கும் ஓடுவதற்கான களம். அதில் பில்டு செய்தால் உங்கள் எக்ஸ்இ எம்சிஸ்2-வின் டிஎல்எல்லைத் தொங்கிக்கொண்டே இருக்கும்.

புதுப்பிக்க பேக்மேனை பெரிய எஸ், சிறிய ஒய், சிறிய யு கொடிகளோடு ஓட்டுங்கள். மைய பாக்கேஜ்கள் மாறினால் டெர்மினலை மூடச் சொல்லும். மூடிவிட்டு, திறந்து, மறுபடி ஒருமுறை ஓட்டினால்தான் மிச்சம் வரும். பலரும் முதல் ஓட்டத்தோடு நிறுத்திவிட்டு "அப்டேட் ஆகவில்லை" என்கிறார்கள். விண்டோஸ் 7, 8.1-க்கான ஆதரவை எம்சிஸ்2 2023-லேயே நிறுத்திவிட்டது. அந்தக் கணினிகளுக்கு வேறு வழி பார்க்க வேண்டும்.

லைப்ரரி இருக்கிறது, பாதையும் சரி, ஆனாலும் லிங்கர் எல்என்கே2038 என்று கத்துகிறது. என்ன அது?

லிங்கர் என்பது பில்டின் கடைசியில் துண்டுகளை ஒன்றாக இணைக்கும் கருவி. அது பொருத்தம் இல்லை என்று சொல்கிறது. அந்தப் பிழை வரியை முழுதாகப் படியுங்கள்: ரன்டைம்லைப்ரரி என்ற பெயர் இருக்கும், ஒரு பக்கம் எம்டி டைனமிக் ரிலீஸ், மறுபக்கம் எம்டி ஸ்டாட்டிக் ரிலீஸ் என்று இருக்கும். தமிழில் எழுதினால் இரண்டும் எம்டிதான். திரையில் முதலாவது டி ஃபார் டிஎல்எல், இரண்டாவது டி ஃபார் த்ரெட். ஒன்று சி ரன்டைமை டிஎல்எல்லாக வைத்துக்கொள்கிறது, மற்றது தனக்குள்ளேயே விழுங்கிவைத்திருக்கிறது. உங்கள் ப்ராஜெக்ட்டையோ லைப்ரரியையோ மாற்றி இரண்டையும் ஒரே பக்கத்துக்குக் கொண்டுவர வேண்டும். விசிபிகேஜி என்றால் சரியான ட்ரிப்லெட்டைத் தேர்ந்தாலே போதும்.

கத்துகிற லிங்கர் நல்ல லிங்கர். சி++ லைப்ரரியில்தான் இப்படிக் கத்தும். சுத்தமான சி லைப்ரரியில் பெரும்பாலும் எல்என்கே4098 என்று ஓர் எச்சரிக்கையை முணுமுணுத்துவிட்டு எக்ஸ்இயைக் கொடுத்துவிடும். கோளாறு ஓடும்போது தெரியும். ஒரு ரன்டைம் ஒதுக்கிய நினைவகத்தை இன்னொரு ரன்டைம் விடுவிக்கப் போகும், அங்கே விழும். ஒன்றில் திறந்த ஃபைல் பாயின்டரை இன்னொன்றிடம் கொடுத்தாலும் அதே கதி. ஓப்பன்எஸ்எஸ்எல்லைத் தொட்டவர்கள் "நோ ஓப்பன்எஸ்எஸ்எல் ஆப்லிங்க்" என்ற ஒற்றை வரியோடு நிரல் செத்துப்போவதைப் பார்த்திருப்பார்கள். அது இந்த இரண்டு ரன்டைம் சண்டைதான்.

எல்என்கே1112 வந்தால் கதை வேறு, சின்னது: 32 பிட்டையும் 64 பிட்டையும் கலந்துவிட்டீர்கள்.

விஷுவல் ஸ்டுடியோ 2017-ல் பில்டு ஆன லைப்ரரி கையில் இருக்கிறது. 2022-ல் சேர்க்கலாமா?

சேர்க்கலாம். 2015, 2017, 2019, 2022 நான்கும் பைனரி அளவில் ஒத்துப்போகும் என்று மைக்ரோசாஃப்ட்டே உறுதி தருகிறது. லிங்க் செய்வது அவற்றுள் புதிய கருவித்தொகுப்பாக இருக்க வேண்டும், பயனருக்குக் கொடுக்கும் ரீடிஸ்ட்ரிபியூட்டபிளும் (ரன்டைமை நிறுவும் தொகுப்பு) அந்தப் புதியதற்குக் குறையக் கூடாது. முழு நிரல் ஆப்டிமைசேஷன் கொடியோடு பில்டு ஆன ஸ்டாட்டிக் லைப்ரரிக்கு இந்தச் சலுகை கிடையாது. 2013-உம் அதற்கு முந்தியதும் ஆனால் திரும்பப் பில்டு செய்யுங்கள்.

மின்ஜிடபிள்யூவில் பில்டு ஆன லைப்ரரியை எம்எஸ்விசி ப்ராஜெக்ட்டில் பயன்படுத்த முடியுமா?

சி இடைமுகம் மட்டும் உள்ள டிஎல்எல் என்றால் முடியும். டெஃப் கோப்பு (ஃபங்ஷன் பெயர்ப் பட்டியல்) எடுத்து, அதிலிருந்து இம்போர்ட் லைப்ரரி தயாரித்துக்கொள்ளலாம். சி++ என்றால் முடியாது. இரண்டு கம்பைலரும் ஃபங்ஷன் பெயர்களைச் சிதைத்து எழுதும் முறையே வேறு. முடிந்தாலும் நான் செய்யமாட்டேன். அடுத்த அப்டேட்டில் அதே கூத்தை மறுபடி ஆட வேண்டும்.

ஒரே ஒரு லைப்ரரியை மட்டும் புதுப்பிக்க வேண்டும். மற்றதைத் தொடாமல் முடியுமா?

முடியும், எதைத் தொடுகிறீர்கள் என்பதைப் பொறுத்து. விசிபிகேஜியில் மேனிஃபெஸ்ட் முறை என்று உண்டு. ப்ராஜெக்ட் கோப்புறையில் விசிபிகேஜி டாட் ஜேசான் வைத்து, வேண்டிய லைப்ரரிகளை அதில் எழுதி, பேஸ்லைன் என்று ஒரு கிட் கமிட் எண்ணை (விசிபிகேஜியின் ஒரு நாளைய நிலையைக் குறிப்பது) கொடுப்பது. அந்த நாளில் விசிபிகேஜிக்குள் என்ன பதிப்புகள் இருந்தனவோ அவைதான் எல்லோருக்கும் கிடைக்கும், உங்கள் கணினியிலும் கிட்ஹப் ஆக்ஷன்ஸிலும் (கிட்ஹப்பின் தானியங்கி பில்டு). எல்லாவற்றையும் புதுப்பிக்க அந்த எண்ணை முன்னுக்கு நகர்த்தினால் போதும். ஒன்றை மட்டும் வேறு பதிப்பில் பூட்டி வைக்க ஓவர்ரைட்ஸ் பகுதி இருக்கிறது. விஷுவல் ஸ்டுடியோ 2022-க்குள்ளேயே வரும் விசிபிகேஜி இந்த மேனிஃபெஸ்ட் முறையை மட்டும்தான் ஏற்கும்.

இசட்லிப் மாதிரி வருடக்கணக்கில் இடைமுகம் மாறாத லைப்ரரியைத் தனியாக மாற்றினால் ஒன்றும் ஆகாது. ஐசியுவிடம் (யூனிகோட் எழுத்துகளைக் கையாளும் லைப்ரரி) அந்த வேலை நடக்காது. அது தன் டிஎல்எல் பெயரிலும், ஒவ்வொரு ஃபங்ஷனின் வாலிலும் பதிப்பு எண்ணை ஒட்டிவைத்திருக்கும். 64-ஐ எடுத்துவிட்டு 74-ஐ வைத்தால், அதை நம்பியிருந்த அத்தனையும் திரும்பப் பில்டு ஆக வேண்டும். பேக்மேனில் ஒரு பாக்கேஜை மட்டும் இழுப்பதும் இதே காரணத்தால் ஆபத்து. எம்சிஸ்2 எல்லாம் சேர்ந்தே நகரும் என்ற கணக்கில் பில்டு ஆகிறது.

ஓப்பன்எஸ்எஸ்எல் திட்டத்தின் பக்கத்தில் விண்டோஸ் பைனரியே காணோமே?

அவர்கள் தருவதில்லை, சோர்ஸ் மட்டும்தான். நீங்களே பில்டு செய்வதானால் பெர்ல் ஒன்றும், அசெம்ப்லருக்கு நாஸமும் வேண்டும். இல்லையென்றால் விசிபிகேஜியிடம் விட்டுவிடுங்கள், இரண்டையும் அது பார்த்துக்கொள்ளும்.

ஒரு டிஎல்எல்லின் வயதை இங்கே பெயரை வைத்தே சொல்லிவிடலாம். லிப்ஈஏஒய்32, எஸ்எஸ்எல்ஈஏஒய்32 என்று இருந்தால் 1.0.2 அல்லது அதற்கும் முந்தியது. லிப்கிரிப்டோவுக்குப் பின்னால் 1_1 இருந்தால் 1.1 வரிசை. அதன் கடைசியான 1.1.1-க்கும் இலவச ஆதரவு 2023 செப்டம்பரில் முடிந்தது. வெறும் 3 என்று இருந்தால் இன்றைய காலத்துக்கு வந்துவிட்டீர்கள். பழைய பெயர் கேட்கும் மென்பொருளுக்காகப் புதிய கோப்பைப் பெயர் மாற்றி வைப்பவர்கள் உண்டு. உள்ளே ஃபங்ஷன்களே மாறிவிட்டன, ஓடாது.

என் கணினியில் ஓடுகிறது, நண்பர் கணினியில் டிஎல்எல் இல்லை என்கிறது. சில இடத்தில் இருந்தும் "என்ட்ரி பாயின்ட்" கிடைக்கவில்லை என்கிறது.

முதல் பிழை சுலபம்: சேர்த்து அனுப்ப மறந்துவிட்டீர்கள். எம்எஸ்விசியின் டம்ப்பின் கருவியை டிபென்டன்ட்ஸ் கொடியோடு ஓட்டினால் எந்த டிஎல்எல் எல்லாம் கேட்கிறது என்று பட்டியல் வரும். எம்சிஸ்2-வில் எல்டிடி. கண்ணால் பார்க்க டிபென்டென்சீஸ் என்ற கட்டற்ற கருவி, பழைய டிபென்டென்சி வாக்கருக்கு வாரிசு. விசிரன்டைம்140 இல்லை என்று வந்தால் விஷுவல் சி++ ரீடிஸ்ட்ரிபியூட்டபிளை நிறுவச் சொல்லுங்கள்.

இரண்டாவது பிழை மோசம். டிஎல்எல் கிடைத்தது, ஆனால் வேறு யாருடையதோ. விண்டோஸ் முதலில் எக்ஸ்இ இருக்கும் கோப்புறையில் தேடும், பிறகு சிஸ்டம் கோப்புறைகளில், கடைசியாக பாத் மாறியில் உள்ள கோப்புறைகளில். ஒருமுறை என் நிரல் இசட்லிப்பின் பழைய பதிப்பு எண்ணையே காட்டிக்கொண்டிருந்தது. மூன்று முறை திரும்பப் பில்டு செய்தேன், அதே எண். கடைசியில் பார்த்தால், எப்போதோ நிறுவிய ஸ்கேனர் மென்பொருள் ஒன்று தன் கோப்புறையைப் பாத்தின் தலையில் செருகியிருந்தது. அதற்குள் அதே பெயரில் ஒரு டிஎல்எல். என் நிரல் ஒழுங்காக அதைப் போய் எடுத்திருக்கிறது. அன்றிலிருந்து வேண்டிய டிஎல்எல் எல்லாவற்றையும் எக்ஸ்இ பக்கத்திலேயே வைத்துவிடுகிறேன்.

அப்படியானால் சிஸ்டம்32-க்குள் போட்டுவிட்டால் எல்லோருக்கும் கிடைக்குமே?

அதைச் செய்யவே செய்யாதீர்கள். கர்ல் கதையைக் கேளுங்கள். 2018 முதல் விண்டோஸோடு, இணையத்திலிருந்து கோப்பு இறக்கும் கர்ல் கருவி சிஸ்டம்32-க்குள் வருகிறது. அதன் பதிப்பு பழையது, பாதுகாப்புக் குறை உள்ளது என்று பாதுகாப்பு ஸ்கேனர்கள் சிவப்புக் கொடி காட்டியதும், நிர்வாகிகள் சிலர் அந்தக் கோப்பை அழித்தார்கள், சிலர் புதியதை அதன் மேல் வைத்தார்கள். விண்டோஸ் அப்டேட் தான் வைத்த கோப்பு இல்லாததைக் கண்டு அடுத்த அப்டேட்டில் தோற்றுப்போனது. அப்புறம் கர்லை எழுதிய டேனியல் ஸ்டென்பெர்க்கிடமே போய் வழி கேட்டார்கள். 2023-ல் அவரே "அந்தக் கோப்பைத் தொடாதீர்கள்" என்று எழுத வேண்டியதாயிற்று. விண்டோஸ் வைத்ததை விண்டோஸ்தான் மாற்ற வேண்டும்.

ஓடிக்கொண்டிருப்பதை எதற்குப் புதுப்பிக்க வேண்டும்?

2023 செப்டம்பரில் வெப்பி படங்களைத் திறக்கும் லிப்வெப்பி லைப்ரரியில் ஒரு ஓட்டை வெளியானது. ஒரு படத்தைத் திறந்தாலே போதும், தாக்கலாம். குரோமும் ஃபயர்ஃபாக்ஸும் உடனே அப்டேட் கொடுத்தன, திருத்தம் லிப்வெப்பி 1.3.2-ல் வந்தது. லினக்ஸில் பொதுவான அந்த ஒரு பாக்கேஜை மாற்றியதும் அதைப் பகிர்ந்துகொண்ட மென்பொருள்கள் தப்பின. விண்டோஸில் ஒவ்வொரு மென்பொருளும் தன் கோப்புறையில் தன் சொந்தப் பிரதியை வைத்திருக்கிறது, பல ஸ்டாட்டிக்காக விழுங்கியே வைத்திருக்கின்றன. ஒவ்வொருவரும் தனித்தனியாகத் திரும்பப் பில்டு செய்து வெளியிட வேண்டியிருந்தது. ஒரு லைப்ரரியை உங்கள் எக்ஸ்இயோடு சேர்த்து அனுப்புகிற அன்றே அதன் பாதுகாப்பு அறிவிப்புகளைப் பார்க்கிற வேலையும் உங்கள் தலையில் விழுந்துவிடுகிறது. இசட்லிப்பையே பாருங்கள்: 2017-ல் வந்த 1.2.11 ஐந்து வருடம் அசையாமல் இருந்தது. 2022-ல் மட்டும் பாதுகாப்புக் குறைகளுக்காக 1.2.12, 1.2.13 என்று இரண்டு வெளியீடு. "இது மாறாத லைப்ரரி" என்று அதுவரை விட்டுவைத்தவர்கள் இரண்டு முறை ஓடினார்கள்.

புதியதென்றால் கண்ணை மூடிக்கொண்டு எடுக்கலாமா?

2024 மார்ச்சில், கோப்புகளைச் சுருக்கும் எக்ஸ்இசட் லைப்ரரியின் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் பின்கதவு இருப்பதை ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ன்ட் என்ற பொறியாளர் கண்டுபிடித்தார். எஸ்எஸ்ஹெச் (தொலைக் கணினிக்குள் நுழையும் வழி) உள்நுழைவு அரை நொடி தாமதமாவதைத் துருவப் போய்ச் சிக்கியது அது. குறிவைத்தது லினக்ஸைத்தான், விண்டோஸ் பில்டுகளை அல்ல. ஆனாலும் அதிகாரபூர்வ வெளியீட்டு டார் கோப்பிலேயே விஷம் இருந்தது என்பதால், அதிகாரபூர்வம் என்ற ஒரு சொல்லை வைத்து நிம்மதியாக இருக்க முடியவில்லை. பாதுகாப்புத் திருத்தம் என்றால் அன்றே எடுப்பேன். மற்ற புதிய பதிப்புகளை இரண்டு மூன்று வாரம் ஆறவிடுவேன். கையால் இறக்கும் கோப்புக்கு பவர்ஷெல்லின் கெட் ஃபைல்ஹேஷ் கொண்டு எஸ்ஹெச்ஏ256 எண்ணை (கோப்பின் கைரேகை) ஒப்பிட்டுவிடுவேன்.

பில்டு வெற்றி. ஆனால் என் நிரலில் தமிழ் எழுத்து உடைந்து வருகிறது. லைப்ரரிதான் காரணமா?

பெரும்பாலும் ஆமாம். "தெரு" என்பதில் கோப்பில் முதலில் த, அடுத்து ஒற்றைக்கொம்பு. திரையில் கொம்பு முன்னால் வர வேண்டும். அந்த இடமாற்றத்தைச் செய்வது ஹார்ஃப்பஸ் லைப்ரரி. ஃப்ரீடைப் மட்டும் இருந்தால் அது எழுத்தின் வடிவத்தை வரையும், வரிசை அதற்குத் தெரியாது. த-வுக்குப் பின்னால் கொம்பு அனாதையாக நிற்கும்.

ஹார்ஃப்பஸ் பல மென்பொருள்களில் விருப்பத் தேர்வு என்பதுதான் வம்பு. கான்ஃபிகர் ஓடும்போது கிடைக்காவிட்டால் "நோ" என்று ஒரு வரி போட்டுவிட்டு பில்டு தன் வழியில் போகும். ஆங்கிலம் எழுதுகிறவர் கண்ணுக்கு எந்தக் குறையும் தெரியாது. பைதானின் பில்லோ என்ற பட லைப்ரரியில் படத்தின் மேல் தமிழ் எழுதினால் ராக்கம் என்ற லைப்ரரியும், அதன் வழியாக ஹார்ஃப்பஸும் ஃப்ரிபிடியும் வேண்டும். பில்லோவின் ஃபீச்சர்ஸ் பகுதியில் ராக்கம் இருக்கிறதா என்று கேட்டால் ட்ரூ, ஃபால்ஸ் என்று சொல்லிவிடும். விசிபிகேஜியில் லைப்ரரி பெயரின் பின்னால் சதுர அடைப்பில் ஃபீச்சர் பெயரைக் கொடுத்து இவற்றைச் சேர்க்கலாம். கான்ஃபிகர் முடிவில் வரும் அந்த நீளமான சுருக்கப் பட்டியலை மேலிருந்து கீழாக ஒருமுறை படியுங்கள்.

ஐசியு பழையதாக இருந்தாலும் தமிழுக்கு இடிக்கும். முந்திரி, மாகாணி போன்ற பழைய பின்ன அளவுக் குறியீடுகள் 51 எழுத்துகள் 2019-ல் யூனிகோட் 12-ல்தான் சேர்ந்தன. ஐசியு 64-க்கு முந்திய லைப்ரரிக்கு அவை யாரென்றே தெரியாது.

கோப்புறைப் பெயர், விண்டோஸ் பயனர் பெயர் தமிழில் இருந்தால்?

பில்டுக்கு மட்டும் தமிழ்ப் பற்றைத் தள்ளிவையுங்கள். பல பழைய பில்டு ஸ்கிரிப்டுகள் ஆங்கில எழுத்தைத் தாண்டினால் தடுமாறும், பெயர் நடுவே இடைவெளி இருந்தாலே உடையும். பயனர் கோப்புறைக்குள் பில்டு செய்யாமல் டிரைவின் வேரிலேயே குட்டிப் பெயரில் கோப்புறை வைத்துக்கொள்ளுங்கள். 260 எழுத்துப் பாதை எல்லையில் முட்டுவதும் அதோடு தீரும்.

லைப்ரரியை எக்ஸ்இக்குள் ஸ்டாட்டிக்காகச் சேர்த்தால் உரிமத்தில் சிக்கல் வருமா?

இசட்லிப், எம்ஐடி வகை உரிமம் என்றால் கவலையில்லை. எல்ஜிபிஎல் உரிமம் என்றால், பயனர் தன் விருப்பப் பதிப்பை அந்த லைப்ரரியின் இடத்தில் வைத்துக்கொள்ள வழிவிட வேண்டும். டிஎல்எல்லாக வைத்தால் அது தானாக நிறைவேறும்.

எனக்கு வேண்டிய பதிப்பு விசிபிகேஜியிலேயே இன்னும் வரவில்லை. காத்திருப்பதா?

காத்திருக்க வேண்டாம். விசிபிகேஜியின் போர்ட்ஸ் கோப்புறையில் (ஒவ்வொரு லைப்ரரியையும் பில்டு செய்யும் குறிப்பு இருக்கும் இடம்) அந்த லைப்ரரியின் பெயரில் உள்ளதைத் தனியே நகலெடுத்து, ஓவர்லே போர்ட்ஸ் என்ற தேர்வில் அந்த இடத்தைக் காட்டுங்கள். நகலில் ஜேசான் கோப்பில் பதிப்பு எண்ணை மாற்றுங்கள். போர்ட்ஃபைலில் எஸ்ஹெச்ஏ512 என்ற இடத்தில் உள்ள நீண்ட எண்ணை அழித்துவிட்டு 0 போட்டு ஓட்டுங்கள். சோர்ஸை இறக்கிவிட்டு, எண் பொருந்தவில்லை என்று நின்று, உண்மையான எண் எது என்று அதுவே அச்சிடும். அந்தச் சோர்ஸ் சரியான இடத்திலிருந்துதான் வந்ததா என்று பார்த்துக்கொண்டு, எண்ணை ஒட்டி மறுபடி ஓட்டுங்கள். பழைய பேட்ச் கோப்பு (சோர்ஸில் திருத்தம் செய்வது) ஏதாவது பொருந்தாமல் அடுத்த பிழை வரும். பெரும்பாலும் அந்தத் திருத்தம் புதிய பதிப்பிலேயே சேர்ந்திருக்கும். சோர்ஸைத் திறந்து அதை உறுதி செய்துகொண்டு, போர்ட்ஃபைலில் அந்த பேட்ச் வரியை நீக்கினால் பில்டு போய்விடும். வேலை செய்தால் அதே மாற்றத்தை கிட்ஹப்பில் புல் ரெக்வெஸ்ட்டாக அனுப்பிவிடுங்கள். அனுப்பும் முன் ஆட் வெர்ஷன் கட்டளையை ஓட்ட மறந்தால் சோதனை சிவப்பாகும், நான் இரண்டு முறை மறந்திருக்கிறேன்.